நலம் விசாரிப்பு

ஆஸ்பத்திரியின் கண்காணிப்பு அறையிலிருந்து நர்ஸ் போன் செய்தாள். புற்றுநோய்க்கு வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுவரும் பெரியவர் எடுத்தார்.

"சாப்பாடு இறங்குதாங்க ஐயா?"

"வாயெல்லாம் புண்ணு சிஸ்டர். தண்ணி குடிச்சாலே எரியுது."

"கால் மரத்துப்போகுதா?"

"ஆமா. நேத்து பாத்ரூம்ல விழுந்துட்டேன். என் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அழுது ஊரைக் கூட்டிடுவா."

"சொல்லலைங்க. டாக்டர்கிட்ட கேட்டுட்டு உடனே கூப்பிடறேன். அதுவரைக்கும் மாத்திரை போடாதீங்க."

போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏண்டி, யாரு அது?" என்றாள் பக்கத்து சீட்டு நர்ஸ்.

"எங்கப்பா."

"உன் குரல்கூடவா அவருக்குத் தெரியலை?"

"தெரியாம என்ன? வீட்ல நான் கேட்டா, 'எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்'ம்பார். சிஸ்டர் கேட்டாத்தான் உண்மை வரும்."