அமைதிப் பட்டை

புத்தரின் அமைதியை இனி நெற்றியில் கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி அலுவலகம் அந்தப் பட்டையைக் கொடுத்தது. அதன்பின் கௌதமி எதற்கும் கலங்கியதில்லை. மகள் தியா காய்ச்சலில் இறந்த அன்றும் அவள் கண் நனையவில்லை.

"அதக் கழட்டிட்டு நம்ம பொண்ணுக்காகக் கொஞ்சம் அழு, கௌதமி," என்று கெஞ்சினான் கணவன் இளம்பரிதி.

"எதுவும் நிலையில்லங்க," என்று கனிவாகச் சொல்லி அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

தனியாக அழுது அழுது அவனுக்குத் தாங்கவில்லை. மறுவாரம் அவனும் ஒரு பட்டை வாங்கிக் கட்டிக்கொண்டான். அன்று மாலையே இருவரும் தியாவின் சட்டைகளை மடித்துப் பக்கத்து வீட்டு ரெஜினாவின் மகளுக்குக் கொடுத்தார்கள்.

மஞ்சள் கவுனைக் கையில் வாங்கியதும் ரெஜினா வாசலிலேயே உட்கார்ந்து கதறினாள். அவள் ஏன் அழுகிறாள் என்று புரியாமல் இருவரும் அமைதியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.