சில்லானின் உறுமல்

"டேய், அந்தச் சத்தத்தை நிறுத்துறியா இல்லையா?"

பக்கத்துப் பாறையிலிருந்து பெரிய மீன் முண்டன் கத்தினான். தன் கல்லடியில் கிடந்த சின்ன மீன் சில்லான் நிறுத்தவில்லை. போன மாதம்வரை அவன் வயிற்றுக் காற்றுப்பை கீச்கீச்சென்றுதான் சிணுங்கும். இப்போது உடம்புக்குள் ஏதோ புதுசாக ஊறி, குரல் உடைந்து, கரகரவென்று உறுமல் வருகிறது. அதற்கு அவன் என்ன செய்வான்?

"கேவலமா இருக்குடா. போன மாசம் நீ கூப்பிட்டப்போ அந்தப் பொண்ணு வரிச்சி திரும்பிக்கூடப் பாக்கல. பேசாம கல்லைக் காலி பண்ணு."

சில்லானுக்குச் சுருக்கென்றது. முட்டைக்காலம் முடிவதற்குள் ஜோடி வராவிட்டால் கல் பக்கத்துக்காரனுக்கு. அதுதான் அங்கே வழக்கம். முண்டன் கல்லை அளந்துகூடப் பார்த்துவிட்டான். சில்லான் இன்னும் இழுத்து உறுமினான்.

வரிச்சி நேராக அவன் கல்லடிக்கு வந்து நின்றாள். சில்லானுக்கு நம்பவே முடியவில்லை.

"போன மாசமும் கூப்பிட்டேனே, காதுல விழலையா?"

"அப்ப எனக்கு இந்தக் காது ஏது? வயித்துல முட்டை நிறைஞ்சதும்தான் இந்தக் கனத்த சத்தமே கேக்குது."

"முண்டன் கல்லு இதைவிடப் பெருசு."

"இருக்கட்டும். அங்க யாரோ திட்டிக்கிட்டே இருந்தாங்க. நீதான் கூப்பிட்ட."

கல்லின் அடிப்பக்கம் முழுக்க முட்டைகள் ஒட்டிக்கொண்டன. காவலுக்கு நின்ற சில்லான் மறுபடி உறுமினான், ஊரே அதிரும்படி.

"அதான் வந்துட்டாளே, இனிமேலாவது நிறுத்தித் தொலைடா!" என்றான் முண்டன்.

சில்லான் நிறுத்தவில்லை.