நாலு விரல் இடைவெளி

"கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

மேலாளர் தேநீர்க் கோப்பையை மேசைமேல் வைத்தார். காலையிலிருந்து இதே பதிலை அவர் கேட்பது இது மூன்றாவது முறை. எதிரே உட்கார்ந்திருந்த சரிபார்ப்பு அதிகாரி பேனாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. இருவருக்கும் நடுவே, கம்பெனியின் புதிய சின்னக் காரின் அடிப்பாகம் காகிதத்தில் மல்லாந்து கிடந்தது.

"இதுல என்னம்மா குறை? முன்னாடி இன்ஜின். அங்கேருந்து புகைக்குழாய் நடுவுல வந்து, பெட்ரோல் டேங்க் பக்கமா வளைஞ்சு, பின்னாடி சைலன்ஸர். டேங்குக்கும் குழாய்க்கும் நடுவுல நாலு விரல் இடைவெளி விட்டிருக்கு. வேற என்ன வேணும்?"

"நாலு விரல், காலி வண்டியில சார். மாதிரி வண்டியில ஆளையும் மூட்டையையும் ஏத்தி, குழாய்மேல களிமண் உருண்டை ஒட்டிவச்சு, மேடு பள்ளத்துல விட்டுப் பாத்தோம். குழாய் ரப்பர்லதானே தொங்குது, ஆடத்தான் செய்யும். திரும்பி வந்து பாத்தா களிமண் நசுங்கி நகக்கனம்கூட இல்ல."

சின்ன டப்பா ஒன்றைத் திறந்து அவர் முன்னால் தள்ளினாள். நசுங்கிய களிமண்ணில் டேங்கின் விளிம்பு அப்படியே பதிந்திருந்தது.

"எத்தனை பேரை ஏத்தினீங்க?"

"ஆறு."

"அஞ்சு பேர் போற வண்டிம்மா அது."

"சின்ன வண்டி வாங்குறவங்க எந்தக் காலத்துல சார் எண்ணிப் பாத்து ஆள் ஏத்தியிருக்காங்க? மடியில ஒண்ணு, இடுக்குல ஒண்ணுன்னு ஏறிக்கிட்டேதான் இருப்பாங்க."

மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன வாரம் அவர் வண்டியிலேயே மாமியாரையும் சேர்த்து ஏழு பேர் போனார்கள். ஆனால் சிரிக்கிற நேரமா இது? வண்டியின் தரைத்தகடு அடிக்கும் அச்சுக்கு மாலைக்குள் சம்மதம் போயாக வேண்டும். குழாயை மறுபக்கம் மாற்றினால் ஸ்டெப்னி வைக்கும் குழி மாறும். குழி மாறினால் தரைத்தகடே மாறும். வண்டி வெளியே வர இன்னும் ஐந்து மாதம் ஆகும். அதற்குள் முதலாளிகள் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

"நடுவுல ஒரு தகடு வச்சு மறைச்சிடலாமே?"

"அதையும் வச்சு இன்னொரு தடவை ஓட்டிப் பாத்தோம். தகடு சூட்டைத் தடுக்கும் சார், இடிக்கிறதைத் தடுக்காது."

எதைக் கேட்டாலும் ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறாள். மேலாளருக்கு எரிச்சல் தலைக்கேறியது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி, வெளிப்படையாவே சொல்றேன். இந்த டிராயிங் நின்னா மேல ஒரு தலை கேப்பாங்க. என் தலையை நான் குடுக்க மாட்டேன். வரைஞ்ச ஆளோட தலைதான் உருளும். இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பரவாயில்லையா உங்களுக்கு?"

அவள் களிமண் டப்பாவை மூடினாள்.

அந்த அலுவலகத்தில், சரிபார்ப்புக்கு வரும் வரைபடத்தில் வரைந்தவர் பெயர் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும். பெயர் தெரிந்தால் வேண்டியவர் என்றால் கண்ணை மூடிக்கொள்வார்கள், வேண்டாதவர் என்றால் குதறி எடுப்பார்கள் என்று மேலாளரே கொண்டுவந்த ஏற்பாடு. பெயர் கீழ்த்தளத்தில் வரைவுப் பிரிவின் பதிவேட்டில் மட்டும் இருக்கும். மேலாளருக்கே தெரியாது. தன் ஏற்பாடு தனக்கே வினையாக வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று அவர் நொந்துகொண்டார். பெயர் தெரிந்திருந்தால் இவள் இப்படித் துள்ளுவாளா?

"பரவாயில்ல சார். அனுப்பட்டும்" என்றாள்.

"கல்நெஞ்சும்மா உங்களுக்கு. அந்த ஆளுக்கும் புள்ளகுட்டி இருக்கும்."

"இருக்கும். பின்சீட்டுல, அந்த டேங்குக்கு நேர் மேல உக்காரப்போறதும் புள்ளகுட்டிங்கதான்."

"ஒரே ஒரு தப்புக்கு வேலையே போகணுமா?"

"வரைஞ்சப்ப காலி வண்டியை மனசுல வச்சு வரைஞ்சாச்சு. அது தெரியாம நடந்தது. இப்ப தெரிஞ்சும் நான் கையெழுத்துப் போட்டா, அதுக்கு என்ன பேரு சார்? நீங்க வேற ஆளை வச்சுப் போட்டுக்கங்க. ஆனா நான் வேண்டாம்னு எழுதின தாளோட நகல் முதலாளிங்க கைக்குப் போகும்."

பேனாவைத் திறந்தாள். வரைபடத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் காரணத்தை எழுதித் தேதி போட்டாள். எழுத்து மேசைவரை பதியும்படி அவள் பேனாவை அழுத்தியதை மேலாளர் பார்த்தார். கோபம் என்று நினைத்துக்கொண்டார்.

அவருக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பேர் தெரியாத ஆளுன்னா எல்லாரும் வீரம் பேசலாம். நேர்ல முகத்தைப் பாத்து, 'உன் வேலை போனாலும் எனக்குக் கவலையில்ல'ன்னு சொல்லுவீங்களா?"

"கூப்பிடுங்க சார். சொல்றேன்."

இந்தத் திமிரை இன்றைக்கு இறக்காமல் விடுவதில்லை என்று மேலாளர் போனை எடுத்தார். அவள் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"வரைவுப் பிரிவா? நாப்பத்தேழாம் நம்பர் டிராயிங்கை வரைஞ்சது யாருன்னு பாருங்க. எங்க இருந்தாலும் உடனே என் ரூமுக்கு வரச் சொல்லுங்க."

பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"எங்கேருந்து சார் வரச் சொல்றது?" என்றது குரல். "போன மாசம் நீங்கதானே அவங்களை இங்கேருந்து சரிபார்ப்புக்கு மாத்தினீங்க? காலையிலேருந்து அவங்க உங்க ரூம்லதான் இருக்காங்க."