முள் ஏறவில்லை

“முள்ளு ஏறுச்சா சார்?” காரின் பின்பக்கம் குனிந்திருந்த ஆண்டனி கத்தினார்.

“இல்லை. பொணமா கிடக்கு” என்றார் டிரைவர் சீட்டிலிருந்த சாரங்கபாணி.

பெட்ரோல் டாங்கிலிருந்து வரும் ஒயரைக் கழற்றி காரின் பாடியில் தொட்டால், மீட்டரில் முள் ‘ஃபுல்’லுக்கு ஏற வேண்டும். போலாரத்தில் முப்பது வருடமாக கார் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் ஆண்டனி ஐந்தாவது தடவையாகத் தொட்டுவிட்டார். ஃபியூஸ் மாற்றியாயிற்று. எர்த் ஒயரையும் சுரண்டி மாட்டியாயிற்று.

“முப்பது வருஷமா என்ன பண்ணிண்டிருந்தே? ஒயரைச் சொறிஞ்சுண்டா?”

ராமச்சந்திராபுரம் ஃபேக்டரியில் மீட்டர் செக்‌ஷன் சூப்பர்வைசராக இருந்தவர் சாரங்கபாணி. ஓய்வு பெற்று பதினெட்டு வருடமாகிறது. வேலை தெரிந்த மனிதர்கள் தன்னோடு தீர்ந்துவிட்டார்கள் என்பது அவர் எண்ணம். இதற்கு முன் இரண்டு மெக்கானிக்குகளை, “சைக்கிளுக்குக் காத்தடிக்கத்தான் நீங்கள்லாம் லாயக்கு” என்று திட்டிவிட்டு வந்திருந்தார்.

இன்று அவருக்கு வேறு வழியில்லை. பெட்ரோல், என்ஜின் சூடு, ஸ்பீடு என்று ஒரு மாதமாகக் கெட்டுக் கிடக்கும் மூன்று மீட்டரும் சரியாகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காரை விற்றுவிடுவது என்று மாப்பிள்ளை பிரசன்னா கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். அதற்கப்புறம் கோயிலுக்குப் போவதென்றால்கூட அவன் தயவு வேண்டும். நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைத் தட்டுகிற பயலிடம் போய் நிற்பதா?

ஆண்டனி முன்னால் வந்தார். “கொஞ்சம் இறங்குங்க சார். நானே உக்காந்து பாக்கறேன்.”

“கிரீஸ் கையோட என் சீட்லயா? இருபத்தெட்டு வருஷமா இதுல இன்னொருத்தன் உட்கார்ந்ததில்லை. நீ பின்னாடியே இரு.”

“ஹவ் சார், ஆமா, உங்க சீட்டுதான். ஆனா பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் கரென்ட்ல ஓடுது. ஸ்பீடு முள்ளுக்குத் தனி கேபிள். மூணும் ஒரே மாசத்துல ஏன் கெடணும்? மூணுக்கும் பொதுவா வண்டியில எதுவுமே இல்லையே!”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! மூணும் சேர்ந்து கெட்டா, மூணுக்கும் பொதுவான ஒண்ணுதான் கெட்டிருக்கும். அதைக் கண்டுபிடி, வண்டியை விட்டுக் கீழே இறக்கு. என் செக்‌ஷன்ல புதுசா வர்றவனுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லுவேன்.”

பின்சீட்டில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த கனகவல்லி, “ஏன்னா...” என்று ஆரம்பித்தாள். முன்சீட்டில் உட்கார்ந்தால் வழி சொல்வாள் என்று, கார் வாங்கிய நாளிலிருந்தே மனைவிக்குப் பின்சீட்டுதான்.

“உனக்கு இதெல்லாம் புரியாது. பேசாம பேப்பரைப் படி.”

“நீங்கதான் ஒரு மாசமா படிக்கறதே இல்லையே.”

“அதை எவன் படிப்பான்? மைக்குக்கூட கதியில்லாம வெளுக்க வெளுக்க அச்சடிக்கறான். இந்தக் காலத்துல எவனுக்கு வேலை தெரியறது?”

ஆண்டனி பின்பக்கம் நடந்தார். பாதியில் நின்று திரும்பினார். “அம்மா, நீங்க கொஞ்சம் எட்டி மீட்டரைப் பாக்கறீங்களா?”

“இவளா?” சாரங்கபாணி பெரிதாகச் சிரித்தார். “இவளுக்கு மீட்டர் எது, கெடியாரம் எதுன்னே தெரியாது!”

ஆண்டனி ஒயரைத் தொட்டார். கனகவல்லி கணவரின் தோளுக்கு மேல் கழுத்தை நீட்டினாள்.

“ஃபுல்லுக்குப் போயிடுத்தே!”

“உளறாதே!” சாரங்கபாணி மீட்டர் கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்து முள்ளைத் தேடினார். மேலே தேடினார், கீழே தேடினார்.

ஆண்டனி என்ஜின் பக்கம் போய் சூட்டு மீட்டரின் ஒயரைத் தொட்டார். “இப்ப அம்மா?”

“பக்கத்து முள்ளும் ஏறிடுத்து. வரும்போது ஸ்பீடு முள்ளுகூட நாப்பது வரைக்கும் ஏறித்தே. ஒரு மாசமா இதைத்தான் சொல்ல வரேன், எங்கே விடறார்?”

சாரங்கபாணி மீட்டர் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

ஆண்டனி கையைத் துணியில் நிதானமாகத் துடைத்துக்கொண்டு வந்து, டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார்.

“நீங்க சொன்னது ரைட்டு சார். மூணுக்கும் பொதுவான ஒண்ணுதான் கெட்டிருக்கு. கண்டுபிடிச்சுட்டேன்.”

“எது?” என்றார் சாரங்கபாணி.

“இறங்குங்க சார்.”