மரத்தடி மணிப்பூ

"பையைத் திற!"

ஸ்டேஷன் மாஸ்டர் வாசலை மறித்து நின்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிறது. குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

வீட்டு வேலைக்கு வரும் பெண் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். நகக்கண்ணெல்லாம் ஈரமண்.

"ஒண்ணுமில்லீங்கய்யா. குப்பைதான்."

"குப்பையை யாராவது இப்படிக் கட்டிப்பிடிப்பாங்களா? நான் தூங்கற நேரம் பார்த்து நீ மரத்தடியில தோண்டுறேன்னு பக்கத்து வீட்டம்மா போன மாசமே சொன்னாங்க. நான்தான் நம்பலை."

வீட்டுக்குப் பின்னால் மரத்தடியில் இருக்கும் மணிப்பூச் செடி, அவர் மனைவி எங்கிருந்தோ கிழங்கு கொண்டுவந்து ஊன்றியது. வெயில் பட்டால் கருகிவிடும். நிழலில், சருகுக்கு நடுவே, வருஷா வருஷம் துளிர்த்து வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கும்.

மனைவி இறந்த பிறகு அதற்கு எல்லாமே அவர்தான். காலை ஆறு மணிக்கு ஒரு குடம், மாலை ஆறு மணிக்கு ஒரு குடம். ரயில்கூடத் தாமதமாகும், அவர் தண்ணீர் ஊற்றத் தாமதித்ததே கிடையாது.

பையை வெடுக்கென்று பிடுங்கி உதறினார். வேரும் மண்ணுமாய் ஒரு மணிப்பூச் செடி தரையில் விழுந்தது.

"அடிப்பாவி! உன்னை நம்பி வீட்டுச் சாவியையே குடுத்திருந்தேனே! வை சாவியை. இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதே!"

அவள் சாவியை மேஜை மேல் வைத்தாள்.

இப்போதே நட்டால் பிழைத்துக்கொள்ளும். செடியை அள்ளிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினார்.

அங்கே மணிப்பூ இருந்த இடத்திலேயே இருந்தது. சுற்றிலும் புதிதாய்க் கிளறிய மண்.

கையிலிருந்ததைப் பார்த்தார். கிழங்கு கொழகொழவென்று நசுங்கி நாற்றமடித்தது.

"என்ன இது?"

பின்னாலேயே வந்திருந்தாள் அவள்.

"அது அழுகிப் போச்சுங்கய்யா. நிழல்ல மண்ணு சீக்கிரம் காயாது. தண்ணியைக் குறைச்சு ஊத்துங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன். எனக்கே பாடம் நடத்துறியான்னு சத்தம் போட்டீங்க."

"அப்போ... இங்க இருக்கறது?"

"அம்மா இருந்தப்போ எனக்கும் கிழங்கு பிரிச்சுக் குடுத்தாங்க. இங்க அழுகும்போதெல்லாம் எங்க வீட்டுல இருந்து ஒண்ணு கொண்டுவந்து வச்சிடுவேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அம்மா வச்ச செடி செத்துப்போச்சுன்னு உங்ககிட்ட எந்த வாயால சொல்றதுங்கய்யா?"

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

"உன் வீட்டுல இன்னும் எத்தனை இருக்கும்மா?"

"அங்க ஏது? இன்னைக்கு வச்சதுதாங்கய்யா கடைசி."