பட்டினி கிடந்த ராஸ் மீன்

'மார்ச் 4. மீன் செத்துவிட்டதாக நேற்று எழுதியது தவறு' என்று நம்பிராஜன் டைரியில் திருத்தினான்.

பகலில் ஒரகடம் கம்பெனி, மாலையில் டிப்ளமோ வகுப்பு. அவன் பென்னலூர் அறைக்குத் திரும்பும்போதெல்லாம் கடல்நீர்த் தொட்டியில் வெறும் மணல்தான் தெரிந்தது. போட்ட தீனி அப்படியே மிதந்தது.

மீன் கடைக்காரர் போனில் சிரித்தார். "ராஸ் மீனு இருட்டுனா மண்ணுக்குள்ள பூந்து தூங்கிடும் தம்பி. பகல்ல தீனி துன்னுதான்னு பாரு. துன்னலன்னா தேறாது."

சூப்பர்வைசரிடம் கெஞ்சி நைட் ஷிஃப்ட் கேட்டான்.

"ஏன்பா, வூட்ல யாருக்காவது உடம்பு சரியில்லயா?"

"ஒரு ஆளு சாப்பிட மாட்டேங்கு சார்."

கிடைத்தது. முதல் நைட் ஷிஃப்ட் முடிந்த காலையில் ஓடி வந்து, தொட்டிக்கு எதிரே பாயை விரித்து, மீனுக்காகக் காத்திருந்தான்.

கண் விழித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. தொட்டியில் மணல்தான் இருந்தது. தண்ணீர்க் குடத்துடன் வந்த வீட்டுக்காரம்மா சசிகலாவிடம் பதறினான்.

"அக்கா, மீன் வெளிய வந்துச்சா?"

"தெனம் வருதே! தண்ணி வைக்க வர்றப்ப நான்தான் தீனி போடுறேன். வெளுத்துக்கட்டும். இன்னிக்கு மத்தியானம் போட்டப்பதான் வாயே வைக்கல."

"ஏன்க்கா?"

"கண்ணாடிகிட்ட நின்னு உன்னியே பாத்துகினு இருந்துச்சு. கட்டையாட்டம் கெடந்தியா, நீ செத்துட்டன்னு நெனச்சிடுச்சோ இன்னாவோ!"

நம்பிராஜன் டைரியை எடுத்தான்.

'நாளைய வேலை: பகல் ஷிஃப்டையே திரும்பக் கேட்பது.'