அடுத்த வீட்டு அருங்காட்சியகம்

"தேதியைச் சொல்லுங்க. ரெண்டு வருசமா ரயிலையும் ரூமையும் பத்தியே பேசுதீங்க, தேதியை மட்டும் சொல்ல மாட்டேங்கீங்க."

பாத்துவின் குரல் சுவரைத் தாண்டி வந்தது. பதிலுக்கு ஆண் குரல் அதைவிடப் பலமாக எழுந்தது.

"நான் சொல்லுததை மொதல்ல கேளு பாத்து. மெட்ராஸ் வரைக்கும் நெல்லை எக்ஸ்பிரஸ். அங்கன இருந்து ரெண்டு ராத்திரி. டெல்லியில எறங்கினதும் மியூசியந்தான். திங்கக்கெழமை மட்டும் ஆகாது, பூட்டிப் போட்டிருப்பான்."

சுவருக்கு இந்தப் பக்கம் மாரிக்கண்ணு அவரைக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

திருநெல்வேலி டவுணில் வீட்டுக்காரர் தளவாயின் ஐந்து வீட்டு வளவில் இருவருடையதும் ஒட்டிய வீடுகள். குடும்பமாக இருப்பவர்களுக்குத்தான் வீடு என்பதில் தளவாய் கறார். பாத்து குடிவந்த அன்றே, தன் கணவர் பீர் மைதீன் ஜவுளி வியாபாரி, அலைச்சல் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டாள். அவரை வளவில் யாரும் முகத்துக்கு முகம் பார்த்ததில்லை. விடியுமுன் போய், பொழுது சாய்ந்ததும் வாய்க்கால் பக்கத்துப் பின்வாசல் வழியாக வந்துவிடுகிறார் என்று கண்டுபிடித்துச் சொன்னவளே மாரிக்கண்ணுதான். முகத்தைப் பார்த்து என்ன ஆகப் போகிறது? பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை முடிந்து பாத்து வந்த அரை மணியில் சண்டை ஆரம்பித்துவிடும். பிடிவாதக்கார மனுஷர். சொன்னதையே சொல்வார்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் டெல்லியில் ஏதோ கடையில் வேலை பார்த்திருக்கிறார். லீவு நாளெல்லாம் போய் நின்ற இடம் அந்தத் தேசிய அருங்காட்சியகம். அவர் விவரிக்க விவரிக்க மாரிக்கண்ணுக்கு அடுப்படிச் சுவர் பைய விலகும். அகலப் படிகள். தன் காலடியே திரும்பக் கேட்கும் நீளக் கூடங்கள். கண்ணாடிக்குள் அரைச் சாண் உயரத்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கும் வெண்கலப் பெண். ஒரு கை நிறைய வளையல். நாலாயிரத்துச் சொச்சம் வருஷமாக யாருக்காகவோ நின்றுகொண்டே இருக்கிறாள். முதலில் அவளைத்தான் பார்க்க வேண்டும் என்பார் பீர் மைதீன். ராஜாக்களின் நகைகள் முதலில் என்பாள் பாத்து. இந்தச் சண்டைக்கு நடுவில் மாரிக்கண்ணு அந்தப் பெண்ணின் எதிரே நின்று அவளுடைய வளையலை எண்ணிக்கொண்டிருப்பாள். குழம்பு அடிப்பிடிக்கும்.

அல்வாக் கடையிலிருந்து வரும் ஐயம்பெருமாள், அதாவது மாரிக்கண்ணுவின் கணவர், அந்தக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார். அவர் எதற்குமே ஒன்றும் சொல்லமாட்டார். நாமும் டெல்லிக்குப் போவோமா என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தாள். அவர் சிரித்துவிட்டுப் பேப்பரில் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். சண்டை போடவாவது ஓர் ஆள் வேண்டாமா? பாத்து கொடுத்துவைத்தவள்.

அன்று சண்டை முற்றிவிட்டது.

"அரைப்பரீட்சை லீவு வருது. இப்பவும் தேதி இல்லைன்னா இனிமே நான் கேக்கவே மாட்டேன்," என்று பாத்து அழுதாள். அந்த மனுஷரோ மூன்றாவது கூடத்துச் சிலைகளைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

மாரிக்கண்ணுக்குப் பொறுக்கவில்லை. உறைமோர் கேட்கிற சாக்கில் தம்ளரோடு போய்க் கதவைத் தள்ளினாள்.

"அண்ணாச்சி, எதுக்கு அந்தப் புள்ளைய அழ வைக்குதீங்க? ஒரு தேதியைச் சொல்லிருங்க," என்றபடியே உள் அறைத் திரையை விலக்கினாள்.

உள்ளே என்ன பேச்சு நடந்ததோ, ஒரு மணி நேரம் வளவு முழுக்க வேலையை விட்டுவிட்டுக் காத்திருந்தது. வெளியே வந்த மாரிக்கண்ணுவின் முகத்தில் ஒரு மாதிரிக் களை. தேதி முடிவாகிவிட்டது, டிசம்பர் இருபத்து மூன்று என்று மட்டும் சொன்னாள். ஆள் எப்படி என்று துளைத்தவர்களிடம், "நல்லாப் பேசுதாரு," என்றாள்.

இருபத்து மூன்றாம் தேதி பாத்து பெட்டியோடு கிளம்பினாள். பீர் மைதீன் நேரே ஸ்டேஷனுக்கு வந்துவிடுவாராம். இட்லிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு மாரிக்கண்ணு வழியனுப்பப் போனாள். போன கையோடு விக்கிரமசிங்கபுரத்தில் அக்கா வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னதற்கு, ஐயம்பெருமாள் பேப்பருக்குப் பின்னாலிருந்து சரி என்றார்.

அதற்கப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் சண்டையே இல்லை. மறு வருஷம் பாத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, கணவரோடு இருக்க சவூதிக்கு விமானம் ஏறினாள். அந்த வீட்டுக்குக் கல்யாணமாகி இரண்டே மாதமான ஒரு பாங்க் கிளார்க் தம்பதி வந்தார்கள். வாய்க்கால் பக்கம் வந்துபோய்க்கொண்டிருந்த மனுஷர் எப்போது சவூதிக்குப் போனார் என்று வளவு மட்டும் இன்னும் குழம்பிக்கொண்டிருக்கிறது.

அன்று திரைக்குப் பின்னால் பேசிக்கொண்டிருந்தது ஒரு டேப் ரெக்கார்டர். லீவு கிடைத்ததும் டெல்லி போவோம் என்று பீர் மைதீன் இரண்டு வருஷத்துக்கு முன் சவூதியிலிருந்து பேசி அனுப்பிய கேசட். தேதியைச் சொன்னதும், அந்தத் தேதியில் பாத்துவோடு டெல்லிக்கு ரயில் ஏறியதும் மாரிக்கண்ணுதான். அவளுக்கு அக்கா என்று யாரும் கிடையாது என்பது ஐயம்பெருமாளுக்கு இன்றுவரை ஞாபகம் வரவில்லை.